பின்பக்கத்து ஆள்

நூலகத்திலிருந்து வந்த ரோண்டா
ஒலிப்பதிவுப் பெட்டியை என் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டுக்
கேட்டாள்:
"நார்மண்டியில் என்ன பார்த்தீர்கள், மிஸ்டர் ட்வைட்?"

கம்பி, என்றேன்.
எஃகுக் கம்பிவடம். என் கட்டைவிரலைவிடப் பருமன்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை.
வேறு ஏதோ வரும் என்று காத்திருந்தாள்.
சுப்பீரியர் துறைமுகத்தில் தாதுக்கப்பல் ஒன்று
நீளமாக ஊதியது.
அது முடியட்டும் என்று இருவரும் இருந்தோம்.

எங்கள் கப்பலுக்கு அடிவயிறு தட்டை.
குளியல் தொட்டிக்கு எஞ்சின் மாட்டியது போல.
காற்றில்லாத நாளிலும் ஆடும்,
காற்றிருந்தால் கேட்கவே வேண்டாம்.
பெயர்கூட வைக்கவில்லை அதற்கு, ஓர் எண்தான்.
தரை தட்டிவிடக் கூடாதே என்று
ஊரிலுள்ள மாலுமியெல்லாம் அஞ்சுவான்;
தரை தட்டுவதுதான் எங்கள் உத்தியோகம்.

முகப்பில் இரண்டு கதவுகள் திறக்கும்.
சாய்பலகை இறங்கும்.
டாங்கிகள் உறுமிக்கொண்டு வெளியே போகும்.
படம் பிடிப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.
நான் நூறு கஜம் பின்னால்,
பிரான்சுக்கு முதுகைக் காட்டியபடி,
வின்ச்சின் பிடியில் கையும்
வந்த கடலில் கண்ணுமாக.

கரையைத் தொடுமுன்பே
பின்நங்கூரத்தைப் போட்டுவிட வேண்டும்.
திரும்பும் வழியைக் கடலில் ஊன்றிவிட்டுத்தான்
மண்ணில் மூக்கை வைக்கலாம்.
அந்த வழி என் பொறுப்பு.
வயது இருபத்தொன்று.

ஹோய்ட் என்றொரு டாங்கி ஓட்டி, டென்னசிக்காரன்.
மூன்று நாளும் என் பக்கத்துக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு
குடலைக் கடலுக்குக் கொடுத்தான்.
"தரை மட்டும் வரட்டும்,
ஒரு பிடி மண்ணை அள்ளித் தின்பேன்."
உப்பு பிஸ்கட் கொடுத்தேன். மூன்று.
எண்ணிக்கை மட்டும் எப்படி நிற்கிறது பாருங்கள்.

அவன் இறங்கியதை நான் பார்க்கவில்லை.
காலடித் தகடு அதிர்ந்தது.
பாதத்தால் எண்ணினேன்:
பதினெட்டு.
அதில் ஒன்று அவன்.

பிறகு கடல் எங்களை விட்டுவிட்டுப் போனது.
அங்கே நீர் வற்றினால் அப்படித்தான்.
துணிமேல் மறந்துவைத்த இஸ்திரிப் பெட்டி மாதிரி
மணலில் கிடந்தது கப்பல்.
எல்லோரும் நாட்டைப் பார்த்து நடந்தார்கள்.
நான் கம்பியோடு கம்பியாக
எதிர்ப்பக்கம் நடந்தேன்,
என் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று.

அது பாதி புதைந்து
ஏர்க்கொழு போல ஒரு முனையை நீட்டிக்கொண்டிருந்தது.
முனையில் ஒரு மிதவைக் கச்சை.
இடுப்பில் கட்டுவது.
காற்று இறங்கவில்லை.
கொக்கி பூட்டியபடியே இருந்தது.
உள்ளே யாரும் இல்லை.

கொக்கியைக் கழற்றினேன்.
விரல் மரத்திருந்தது, நேரம் பிடித்தது.
குழாயைத் திறந்தேன்.
அடைத்திருந்தது குப்பி வாயுவோ,
ஒருவன் வாய்வைத்து ஊதிய மூச்சோ,
தெரியாது.
என் முகத்தில் பட்டது.

சாயங்காலம் நீர் ஏறியது.
"இழு" என்றது பேச்சுக்குழாய்.
இழுத்தேன்.
பல்லைப் பிடுங்குவது போல
எங்களை நாங்களே பிரான்சிலிருந்து பிடுங்கினோம்.
டாங்கி நின்ற தளத்தில் இப்போது தூக்குப்படுக்கைகள்,
மூன்றடுக்காக.
எத்தனை என்று பாதத்தால் எண்ணப் பார்த்தேன்.
தகடு ஒன்றும் சொல்லவில்லை.

ரோண்டாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
வடத்தின் நீளம் சொன்னேன், தொள்ளாயிரம் அடி.
பிஸ்கட்டைச் சொன்னேன்.
நாடா தீர்ந்தது.
நன்றி, மிகவும் பயனுள்ளதாக இருந்தது, என்றாள்.

வாசலில் அவள் காருக்குள் உட்கார்ந்து
இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டும் சத்தம்
எனக்குக் கேட்டது.
செருப்புக்கூடப் போடாமல் பனியில் இறங்கிப் போய்
கண்ணாடியைத் தட்டினேன்.
வீடு சேர்ந்ததும் போன் பண்ணு, என்றேன்.

ஆறு தெரு தள்ளித்தானே, என்று சிரித்தாள்.

ஒன்பது நிமிடம் கழித்துப் பண்ணினாள்.